நக்கிப் பாரு கண்ணு!

அந்தியூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போனாலும் சரி, மேற்கே போனாலும் சரி, ஒரு ராத்திரி பஸ்ஸில் தூங்கி எழுந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பெரிய ஏரி, வறட்டுப்பள்ளம் அணை, கொஞ்சம் தள்ளிப் போனால் பவானி, காவிரி. அவ்வளவுதான். வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, குதிரைச் சந்தை உண்டு, பர்கூர் மாடு உண்டு. பாய்மரப் படகு கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, பழைய பாய்மரப் படகின் ஜன்னல் ஒழுகினால் என்ன செய்வது என்று இந்த வாரம் எழுதப் போகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒழுகாத ஜன்னல் உள்ள வீட்டில் வசிக்கும் பாக்கியசாலிகள் மட்டும் புரட்டலாம்.

படகு என்னுடையதல்ல. என் மனைவியின் அண்ணன் மகனுடையது. அவன் ஆக்லாந்தில் இருக்கிறான். நியூஸிலாந்து. அந்த ஊருக்கே 'பாய்மர நகரம்' என்று செல்லப் பெயர். நம் ஊரில் வாசலில் மொபெட் நிற்கிற மாதிரி அங்கே கரையோரம் படகு நிற்குமாம். பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். கல்யாணமாயிற்று, பெண் குழந்தை பிறந்தது, வீட்டு வாடகை ஏறிற்று. ஒருநாள் போனில், "மாமா, வாடகை குடுத்து மாளலைங்க. நாங்க ஒரு படகு வாங்கிக் குடி போயிட்டமுங்க" என்றான். ஏதோ வீடு மாற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

முப்பது அடி நீளம். ஃபைபர் கிளாஸ் உடம்பு. எழுபதுகளின் கடைசியில் கட்டியது. அதாவது அவனைவிடப் படகுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில் அவன் மனைவியின் நகைகளில் கணிசமான பவுன் அதற்குள் போயிருப்பது தெரிந்தது. எத்தனை பவுன் என்பதை அச்சில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. அந்தப் பெண்ணின் அம்மாவும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்.

ஒழுகல் சமாசாரம் வந்தது போன ஆடியில். குருநாதசாமி கோயில் திருவிழா, குதிரைச் சந்தை உச்சத்தில் இருந்தது. திப்பு சுல்தான் காலத்திலேயே இங்கே குதிரை வாங்கினார்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அந்தப் பெருமைக்குப் பங்கம் வராமல், ஒரு குதிரைக்காரர் குதிரையின் வாயைத் திறந்து இன்னொருவருக்குப் பல் காட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. எனக்கு மத்தியானம் மூன்று மணி. அவனுக்கு ராத்திரி ஒன்பதரை. நமக்கு ஆடிக்காற்று வீசும்போது அங்கே நல்ல குளிர்காலம், மழைக்காலம்.

"மாமா, அப்பத்தா இருக்குதுங்களா?"

அப்பத்தா என்றால் என் மாமியார். வயது எண்பத்திரண்டு. எங்களோடுதான் இருக்கிறார். அவர் பிறந்தது நெரிஞ்சிப்பேட்டையில், காவிரிக் கரையில். அவருடைய அப்பா பரிசல் ஓட்டியவர். இப்போது நெரிஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரை பூலாம்பட்டிக்கும் நடுவே மோட்டார் படகு போகிறது. சினிமாக்காரர்கள் வந்து டூயட் எடுக்கிறார்கள். அத்தை சிறுமியாக இருந்தபோது பரிசல்தான். எனவே எங்கள் குடும்பத்தில் 'நீர்வழிப் போக்குவரத்து' இலாகா முழுக்க அவர் கையில்.

வீட்டுக்கு வந்து வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தேன். திரையில் முதலில் தெரிந்தது பையன் முகமல்ல, ஒரு அலுமினிய பாத்திரம். அதில் 'டொக்... டொக்...' என்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாலு மாதக் குழந்தை. ஜன்னலை ஒட்டிய மரப் பலகையில் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"ரெண்டு வாரமா இருமிக்கிட்டே இருக்கறா ஆத்தா" என்றது பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல். "ஈரத்துல படுக்க வெக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள சன்னல் நிக்கலைன்னா நான் புள்ளையத் தூக்கிட்டு ஊருக்கு வந்துர்றனுங்க. இவரு படகோடவே குடும்பம் பண்ணட்டும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கோபமாகச் சொன்னால் சமாதானம் சொல்லலாம். பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னால் என்ன செய்வது?

"என்ன பண்ணுனே கண்ணு, இதுவரைக்கும்?" என்றார் அத்தை.

பையன் உற்சாகமாகச் சொன்னான். கடைக்குப் போனானாம். சிலிக்கோன் ட்யூப் மூன்று வாங்கினானாம். ஜன்னலைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு இன்ச் கனத்துக்கு அப்பினானாம். முதல் மழைக்கு நின்றது. இரண்டாவது மழைக்கு அந்த மூலையில் நின்று இந்த மூலையில் சொட்டியது. மறுபடி அப்பினான். இப்போது மூன்றாவது இடம்.

"அது என்ன நாத்தம் அடிக்குது, காடி மாதிரி?" என்று கேட்டார் அத்தை. வீடியோவில் வாசனை வராது என்பது அவருக்குத் தெரியும். அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான், ஒரு வாரமாகப் படகு முழுக்க வினிகர் நெடி என்று. குளியலறைக்கு விற்கிற சிலிக்கோன் பலவற்றில் காய்கிறபோது அசிட்டிக் அமிலம் வெளிவரும். அதுதான் அந்த நெடி. டைல்ஸுக்குப் பரவாயில்லை. அலுமினியச் சட்டத்துக்கு ஆகாது, அரிக்கும். படகுக்கு வேண்டியது நெடியில்லாமல் காய்கிற வகை. அதையும் வெளியே அப்பினால் பிரயோசனமில்லை. தண்ணீர் உள்ளே வருகிற வழி அப்படியே இருக்கும், வெளியே வடிகிற வழிதான் அடைபடும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சும்மா இருக்குமா? புது வழி தேடும். மூலைக்கு மூலை ஒழுகல் நடந்து போன ரகசியம் அதுதான்.

அத்தை இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "பரிசல்ல ஓட்டைன்னா பழைய தாரைச் சொரண்டிப் போட்டுட்டுத்தான் புதுத் தார் பூசோணும். அப்பிடியே மேல பூசுறவன் மூஞ்சில பூசிக்கலாம்."

பரிசலைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூங்கில் பிளாச்சில் முடைந்த பெரிய கூடை. முந்தி அதன்மேல் மாட்டுத் தோல் இழுத்துக் கட்டுவார்கள். பிறகு சாக்கு, பிளாஸ்டிக் தாள் என்று மாறி, அதற்கு மேல் உருக்கிய தார். ஒகேனக்கல்லில் இன்றும் அதே தத்துவம்தான். ஜன்னல் கிடையாது. அதனால் ஜன்னல் ஒழுகாது. நம் ஆட்கள் விவரமானவர்கள். கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே. தண்ணீரை உள்ளே விடாதிருக்க வேண்டும் என்கிற கொள்கையே அதற்குக் கிடையாது, கட்டைகளுக்கு நடுவே அலை வந்து போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் 'கேட்டமரான்' என்று எடுத்துப்போய், இரண்டு உடம்புள்ள சொகுசுப் படகுக்கு வைத்து, ஜன்னலும் போட்டு, ஒழுகவும் விட்டான்.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாப் படகு. அதில் ஆணியே கிடையாது. பலகையையும் பலகையையும் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. பதிலுக்குத் தையல் வழியாகத் தண்ணீர் வரும். ஒரு ஆள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பான். துரைசானியின் கவுன் நனையும். ஆனால் உயிரோடு கரை சேருவாள். இது ஒரு நேர்மையான ஏற்பாடு. பெரிய கப்பல் கட்டுகிறவர்கள் இறைத்துக்கொண்டே போக முடியாது என்பதால் இடுக்குகளில் நாரையும் பஞ்சையும் திணித்து அடைப்பார்கள். 'கலப்பத்து' என்று அந்த வேலைக்குத் தமிழில் பெயரே உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்கு வரும் பெரிய கப்பல்களில் தார் பூசுவதில்லை, சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் மர எண்ணெய் விட்டு இடித்து, பசையாக்கி அப்புகிறார்கள் என்று அதிசயப்பட்டு எழுதினார். சுண்ணாம்பு இடிக்கிற விஷயத்தில் வெற்றிலை ஊர்க்காரனான எனக்கு அதிசயம் ஒன்றும் இல்லை.

சரி, ஆக்லாந்துக்கு வருவோம்.

அத்தையின் முதல் கட்டளையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பையனும் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணிய நக்கிப் பாரு கண்ணு."

"என்னங்க அப்பத்தா?"

"சொட்டுதல்ல, அத விரல்ல தொட்டு நக்கிப் பாரு. உப்புக் கரிக்குதா, சப்புனு இருக்குதா?"

பிற்பாடு படகு விஷயம் தெரிந்தவர்களின் குறிப்புகளைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவர்கள் சொல்வதும் இதையேதான். கரித்தால் கடல் தண்ணீர். எங்கோ அலை அடிக்கிற இடத்திலிருந்து வருகிறது. சப்பென்றிருந்தால் மழை. இல்லையென்றால் இன்னொரு சாத்தியம். அது மழையே இல்லை, உங்கள் மூச்சுதான்! மூடிய சின்ன அறையில் மூன்று பேர் மூச்சு விட்டு, சாதம் வடித்து, ரசம் கொதிக்க வைத்தால் அந்த ஆவியெல்லாம் எங்கே போகும்? வெளியே குளிரில் சில்லென்றிருக்கும் அலுமினியச் சட்டத்தில் போய் உட்கார்ந்து சொட்டும். ஜன்னலை எத்தனை அடைத்தாலும் அது நிற்காது. அடைக்க அடைக்க அதிகமாகும்.

பையன் நக்கினான். சப்பென்றிருந்தது. மழை இல்லாத ராத்திரி ஒன்றில் துடைத்துவிட்டுப் படுத்து, காலையில் பார்த்தான். ஆறு ஜன்னலில் இரண்டில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த இரண்டும் நிரபராதிகள், சமையல் நேரத்தில் மேல்மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்ததும் அடங்கிவிட்டன. மீதி நாலில் மழைக்கு மட்டும் சொட்டியது. ஆக, குற்றவாளிகள் நாலு பேர்.

ஆனால் நாலு பேரும் நிஜமாகவே குற்றவாளிகளா? தண்ணீர் தெரிகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. படகின் உள்பக்கம் அழகுக்காக ஒரு தோல் போர்த்தியிருப்பார்கள். மேல்தளத்தில் கம்பி நட்ட இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால், அங்கே நுழைகிற தண்ணீர் அந்த இரண்டு தோலுக்கும் நடுவே ஓடி, ஜன்னல் ஓட்டையைப் பார்த்ததும் எட்டிக் குதிக்கும். பழி ஜன்னல் மேல். எங்கள் அந்தியூர் வீட்டிலும் வடமேற்கு ஜன்னல் பத்து வருஷம் ஒழுகிற்று. மூன்று ஆசாரிகள் மாற்றி மாற்றி மரத்தைச் சீவி மக்கு வைத்தார்கள். நாலாவதாக வந்த கொத்தனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சன்ஷேடின் அடியில் விளிம்போரமாக ஒரு விரல் ஆழத்துக்குக் காடி எடுத்தார். மழைத் தண்ணீர் சிமெண்டின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே நடந்து ஜன்னலுக்கு வந்திருக்கிறது. காடி வந்ததும் அங்கேயே சொட்டிவிட்டது. செலவு ஒரு அரை நாள் கூலி, இரண்டு டீ.

படகில் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, உள்ளே ஜன்னலைச் சுற்றி முகப்பவுடர் தூவிவிட்டு, வெளியே ஹோஸ் பைப்பால் கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே என்று மெதுவாக நனைத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே பீச்சினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. எந்த உயரத்துக்கு வரும்போது பவுடரில் முதல் கோடு விழுகிறதோ அங்கேதான் திருடன். அத்தை திருநீறு தூவச் சொன்னார். அங்கே கைவசம் இருந்தது பாப்பாவின் பவுடர்.

இன்னொரு வழி எனக்கு நொம்பப் பிடித்தது. சைக்கிள் பஞ்சர் கடையில் ட்யூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்குகிறார்களே, அதே சூத்திரம். படகை முக்க முடியாதல்லவா? (முக்கினால் பிறகு ஓட்டை தேட வேண்டிய அவசியமே இருக்காது.) அதனால் கதவு, மூடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இலை ஊதுகிற இயந்திரத்தால் உள்ளே காற்றை ஊத வேண்டும். வெளியே ஒருவர் சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டு போனால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி குமிழியாகப் பொங்கும்! பையன் ஊத, அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோப்பு பூச, பாப்பா குமிழியைப் பிடிக்கக் கையை நீட்ட... அந்த வீடியோவை அத்தை தினம் இரண்டு தடவை பார்க்கிறார்.

பதினோரு இடத்தில் குமிழி. ஒன்பது ஜன்னல்களில். இரண்டு, மேல்தளத்துக் கம்பியின் காலடியில்.

ஏன் ஒழுகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம். படகு ஜன்னலில் பெரும்பாலும் கண்ணாடி இருக்காது. அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். வெயிலில் அது கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு நீளும். அறுபது சென்டிமீட்டர் ஜன்னல், காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே முப்பது டிகிரி வித்தியாசத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சுற்றியுள்ள அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். ஒருவர் குதிக்க ஒருவர் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் பசை தினமும் இழுபடும். போதாததற்கு, காற்றில் படகு ஒரு பக்கம் சாயும்போது பாய்மரக் கயிறுகள் இழுக்கிற இழுப்பில் ஃபைபர் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும். வலது பக்கம் சாய்ந்தால் ஒழுகும், இடது பக்கம் சாய்ந்தால் ஒழுகாது என்றெல்லாம் சில படகுகளுக்கு வேண்டுதல் உண்டு. நாற்பத்தைந்து வருஷம் இப்படி இழுபட்ட பசை, கடைசியில் அப்பளமாகக் காய்ந்து விரிசல் விடாமல் என்ன செய்யும்?

ஆகவே ஒரே வழி, கழற்றுவது. முழுதாக.

இங்கேதான் பையன் தயங்கினான். அவன் நியாயம் அவனுக்கு. மழைக்காலம். ஜன்னலைக் கழற்றினால் ஓட்டை வழியாக ஆகாசம் தெரியும். நாற்பத்தைந்து வருஷ ஸ்குரு. எவர்சில்வர் ஸ்குருவும் அலுமினியச் சட்டமும் உப்புத் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் மின்சார உறவு ஏற்பட்டு, அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து ஸ்குருவைக் கவ்விக்கொள்ளும். திருகினால் தலை மட்டும் கையோடு வரும். "கோடை வரட்டும் மாமா, தார்ப்பாய் கட்டிச் சமாளிக்கிறேன்" என்றான்.

அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஏங்கண்ணு, கோடைக்கு இன்னும் எத்தன மாசம்?"

"நாலு மாசமுங்க."

"அவ சொன்னது மாசக் கடைசி."

அவ்வளவுதான் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி என்னிடம் அத்தை ஒன்று சொன்னார். அவர் ஏழு வயதாக இருந்தபோது ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் அவர் அப்பா ஒரு பரிசலை ஆற்றில் இறக்க மறுத்துவிட்டாராம். கரையில் ஜனம் நிற்கிறது, கூலி நிற்கிறது. "ஒரு பக்கம் தார் காயிலை" என்றாராம். இன்னொருவர் தன் பரிசலில் ஆள் ஏற்றிப் போனார். ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். "அன்னிக்கு எங்கூட்டுல சோறு இல்லீங் மாப்ள. எங்கம்மா எங்கப்பனப் பேசுன பேச்சு இன்னும் காதுல இருக்குது. ஆனா அவரு அடுத்த நாளுந் தொட்டுப் பாத்துட்டு, இன்னும் காயிலைன்னு குந்திக்கிட்டாரு."

பையன் வெள்ளிக்கிழமை லீவு போட்டான். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல் என்று ஏற்பாடு. மேலே தார்ப்பாய். கழற்றிய ஓட்டைக்குப் பிளைவுட்டும் பாலிதீனும். ஸ்குருக்களில் பாதி தலை அறுந்து, மீதியை டிரில் போட்டுத்தான் எடுத்தான்.

சட்டம் வெளியே வந்ததும்தான் நிஜமான வயிற்றெரிச்சல் தெரிந்தது. இந்தக் காலத்துப் படகில் பல இடங்களில் ஃபைபர் கிளாஸ் ஒரே தடிமனாக இருக்காது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே பால்ஸா என்கிற லேசான மரம். சாண்ட்விச் மாதிரி. எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் நடுவிலுள்ளது ஊறின ரொட்டி. முதல் ஜன்னலின் கீழ் விளிம்பில் விரல் விட்டான், கருப்புச் சேறாக வந்தது. ஜன்னல் ஒழுகலை அசட்டை செய்கிறவர்கள் இழப்பது மெத்தையை மட்டுமல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் படகையே. போட்ட பவுன் எல்லாம் சேறாக வழிகிறதோ என்று அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று பார்க்க, தேங்காயைத் தட்டுவது போல நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டங் டங்' என்றால் நல்ல இடம். 'தப் தப்' என்றால் போச்சு. பையன் போனை அருகில் வைத்துத் தட்டினான். இங்கே அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு விரற்கடைக்கு 'தப்'. அதற்கப்புறம் 'டங்'.

"பொழச்சுது போ" என்றார்.

ஊறின மரத்தை வளைத்த ஆணியால் தோண்டி எடுத்து, ஹீட்டர் வைத்து மூன்று நாள் காய வைத்து, எபாக்ஸியைக் கெட்டியாகக் குழைத்து அடைத்தான். இனி அந்த விளிம்பில் தண்ணீர் வந்தாலும் ஊறுவதற்கு மரம் இல்லை.

பழைய சிலிக்கோனைச் சுரண்டுவதற்கு மட்டும் இரண்டு நாள். காய்ந்த சிலிக்கோன் மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, புதுச் சிலிக்கோனே சரியாக ஒட்டாது. அவன் ஆசையாக அப்பிய மூன்று ட்யூபையும் பிளேடால் இழைத்து இழைத்து எடுத்தான். அக்ரிலிக்கைத் துடைக்க அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பட்டால் உள்ளுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். அதேபோல பாலிசல்ஃபைடு என்கிற பசை மர வேலைக்கு நல்லது, அக்ரிலிக்கைக் கெடுத்துவிடும். சட்டத்தை உடம்போடு பொருத்துகிற இடத்துக்கு ப்யூட்டைல் டேப் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க பபுள்கம், தொட்டால் பலாப்பழப் பால். காயவே காயாது. அதனால்தான் இழுபட்டாலும் விடாது.

பிறகு முறுக்குகிற கட்டம். நம் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள வியாதி, திருப்புளியைக் கையில் கொடுத்தால் 'கிரீச்' என்கிற வரைக்கும் முறுக்குவது. அப்படி முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். நடுவில் மிச்சம் காகித கனம். ஒன்றேகால் மில்லிமீட்டர் இழுப்பைக் காகித கனம் தாங்குமா? இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரப்பராவது நடுவில் நிற்க வேண்டும். அதற்காகச் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை முட்டுக் கொடுத்து, ஸ்குருவைப் பதமாக விட்டு, பசை காய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஜன்னலை நேராகத் துளைத்து போல்ட் போடுகிற ரகமென்றால், அக்ரிலிக்கின் துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நீள இடமில்லாமல் துளையிலிருந்தே விரிசல் விடும். ஒரு நல்ல சங்கதி. இந்தச் சிலிக்கோன் காய்வதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஆக்லாந்து மழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை!

நடுவில் பையன் சோர்ந்து போன ஒரு நாள் நான் அவனுக்கு இரண்டு படகுகளைப் பற்றிச் சொன்னேன். 1985 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து 'திருஷ்ணா' என்கிற முப்பத்தேழடிப் பாய்மரப் படகில் நம் ராணுவத்தின் பொறியாளர் படையினர் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 1987 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். இன்னொன்று சமீபத்தியது. கோவாவில் கட்டிய கடற்படையின் 'தாரிணி'. 2024 அக்டோபர் 2-ம் தேதி தில்னா, ரூபா என்று இரண்டே இரண்டு பெண் அதிகாரிகள் கோவாவில் கிளம்பினார்கள். ரூபா நம் புதுச்சேரிக்காரர். உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் நியூஸிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்திலும் நின்றார்கள். அத்தைக்கு இதில் சாதனை எல்லாம் பிடிபடவில்லை. ஒரே கேள்வி கேட்டார். "அந்தப் புள்ளைக படகுல சன்னல் ஒழுகாம யாரு பாத்துக்கிட்டாங்களாம்?"

"அவங்களேதான் பாத்துக்கணும், அத்தை. நடுக்கடல்ல யாரு வருவாங்க?"

"கேட்டியா கண்ணு?" என்றார் போனைப் பார்த்து.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாலாவது ஜன்னல் உட்கார்ந்தது. மேல்தளத்துக் கம்பியின் காலையும் கழற்றி மறுபடி பசை வைத்துப் பூட்டியாயிற்று. பையன் ஹோஸ் பைப்பை எடுத்தான். "தொடாதே" என்றார் அத்தை. "காயட்டும்." ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அந்தப் பெண் குழந்தையோடு ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் போய் இருந்தாள். பெட்டி முழுதாகக் கட்டிக்கொண்டு போனாளா, பாதி கட்டினாளா என்று என் மனைவி தினம் விசாரித்தாள். சரியான பதில் வரவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி, நமக்கு எட்டரை மணி இருக்கும், அவனுக்கு விடிகாலை மூன்று. போன் வந்தது. பேய் மழை. காற்றில் படகின் கயிறுகள் உறுமுகிற சத்தம் இங்கே எங்கள் கூடத்தில் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாகக் காகிதக் கைக்குட்டையை வைத்து ஓட்டிக் காட்டினான். முதல் ஜன்னல், காய்ந்த காகிதம். இரண்டாவது, காய்ந்த காகிதம். மூன்று, அதுவும்.

நாலாவதை அவன் காட்டவில்லை. "அப்பறமுங்க அப்பத்தா, சாப்டாச்சா?" என்றான்.

"நாலாவது?"

"அது... ஒரே ஒரு மூலைல... லேசா..."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார். "பாப்பா எந்தச் சன்னலுக்குக் கீழ படுக்கும்?"

"ரெண்டாவதுங்க."

"அப்படின்னா விடிஞ்சதும் போயி அவங்களக் கூட்டியா. கூட்டியாந்துட்டு நாலாவதக் கழட்டு."